மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பலெர்மோவில் எங்களுக்குத் திங்கட்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்று றெஸ்ரோரன்ற் பூட்டு. கடந்த கோடையில் அப்படியான மூன்று திங்கட்கிழமைகளை நாங்கள் மூன்று பேர், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு ஒடுங்கிய தெருவில், 1998ஆம் ஆண்டு ஃபியற் மரேயா ஒன்றின் வாய்க்குள் தலையை விட்டபடி கழித்தோம். மூவரும் காசு போட்டு வாங்கிய கார். நள்ளிரவு தாண்டிக் கோப்பை கழுவி, அடுப்பு உரஞ்சி முடித்து வெளியே வரும்போது பஸ்ஸை நம்ப முடியாது. இந்தக் கார்தான் எங்களை வீடு சேர்ப்பது. அது ஏற்றம் கண்ட இடமெல்லாம் கொதிக்கத் தொடங்கியது. கராச்சில் காட்டினோம். திருத்தக் கேட்ட தொகை, நாங்கள் காரை வாங்கிய தொகையிலும் கூட.

எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்துடன் விட்டவர். மற்ற இருவரும் அந்த வாசலுக்கே போகாதவர்கள். மூவருக்கும் பொதுவான ஒரு தகுதி இருந்தது: ஸ்பனர் பிடிக்கத் தெரியாது. அதனால் ஊருக்கு வைபர் எடுத்தோம். எங்களில் ஒருவரின் தகப்பனார் சுன்னாகத்தில் ஹயர் கார் ஓட்டியவர். இப்போது எழுபது தாண்டிவிட்டது. போனை எஞ்ஜினுக்கு மேலே பிடித்துக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "உதிலை கைப்பிடி போடுற ஓட்டை எங்கையடா தம்பி?" என்று கேட்டார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் கிடந்த வரலாற்றை அதன்பிறகுதான் ஒவ்வொரு கிழமையும் அவரிடம் கேட்டு அறிந்துகொண்டோம். யாழ்ப்பாணத்தின் போர்க்காலம் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அந்தக் காலத்தைத் தள்ளிக்கொண்டு போன பழைய கார்களைப் பற்றியும், அவற்றைத் தள்ளவிடாமல் ஓட வைத்த கைகளைப் பற்றியும் ஒழுங்காக எழுதிய ஒன்று எங்கள் கண்ணில் படவில்லை.

அவருடையது ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். 1952 முதல் 1954 வரைதான் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். 1200 சிசி எஞ்ஜின். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இதற்குப் போட்டியாக ஓடியது மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் கார்தான் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். இவை எல்லாம் இங்கிலாந்திலேயே கிழடாகிப் போன பின்னரும் எங்களிடம் மட்டும் ஏன் நின்றன என்பதற்குக் காரணம் பாசம் அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா சந்தையைத் திறந்துவிடும் வரை இருப்பதைக் கட்டிக் காப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தகப்பன் மகனுக்குக் கொடுத்தான், மகன் கராச்சுக்குக் கொடுத்தான்.

இந்தக் கார்களுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' வந்தபோது எங்கள் பெரியவர்கள் அதற்குத் தார் பூசினார்கள். அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் 'ஸ்ரீ' போட்ட பஸ்கள் வடக்குக்கு வந்தபோது மீண்டும் தார். மே மாதத்தில் இனக்கலவரம். அதற்கு முன்னர் பதிந்த சோமசெற்றுக்கோ ஆங்கில எழுத்துத்தான். "என்ரை கார் ஒருநாளும் தார் பூசாத கார்" என்கிறார் சுன்னாகத்து ஐயா. மழைக்கு ஒழுகினாலும் அந்தத் தகட்டில் அவருக்கு ஒரு கெப்பர்.

1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. ஏ-40 வைத்திருந்தவர்கள் பகிடிக்கு ஆளானார்கள். கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையை ஏற்ற அந்தக் கார்களைக் கூப்பிடுவது குறைந்தது. அப்படியே விட்டிருந்தால் இன்னும் பத்து வருடத்தில் பழைய இரும்புக்குப் போயிருக்கும். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. மண்ணெண்ணெய் மாத்திரம் அளந்து வந்தது. விளக்குக்கும் அதுதான், தோட்டத்து இறைப்பு மெசினுக்கும் அதுதான். விலையோ கேட்கவே வேண்டாம்.

அப்போதுதான் தலைகீழானது. ஜப்பான் கார்கள் கல் அடுக்கி உயர்த்தப்பட்டு, கிடுகுக் கொட்டிலுக்குள் போயின. கிழட்டு சோமசெற் வீதிக்கு வந்தது.

காரணம் எளியது. மண்ணெண்ணெய் பெற்றோல்போல இலகுவில் ஆவியாகாது. பிஸ்ரன் அதை மிகவும் நெருக்கினால் நேரம் பிந்தி எரிய வேண்டியது முந்தி வெடித்து எஞ்ஜினைத் தட்டும். புதிய எஞ்ஜின்கள் இறுக்கமாக நெருக்குபவை. சோமசெற் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் நெருக்கும், சோம்பேறி எஞ்ஜின். அந்தச் சோம்பேறித்தனந்தான் அதைக் காப்பாற்றியது. இது எங்கள் கண்டுபிடிப்பு என்று மார்தட்டவும் வேண்டாம். 1940களிலும் 50களிலும் இங்கிலாந்தில் ஃபேர்கசன், போர்ட்சன் உழவு இயந்திரங்கள் இதே மாதிரித்தான் ஓடின: பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றுவது. எங்கள் மெக்கானிக்குகள் அதைப் படித்துச் செய்யவில்லை. இறைப்பு மெசினில் பார்த்ததைக் காருக்குக் கொண்டுவந்தார்கள்.

ஐயா சொன்ன முறை இது. காபரேற்றருக்கு மேலே ஒரு சின்னப் போத்தலில் அரை முட்டி பெற்றோல், அது தங்கம். ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் குழாயில் சில துளி இறக்குவது. பிறகு காருக்கு முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவது. பெருவிரலை மற்ற விரல்களுடன் ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால் எஞ்ஜின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு முறியும். ஸ்ரார்ட்டரைச் சுழற்றத் தென்பில்லாத செத்த பற்றறிகூட பிளக்கில் பொறி தட்டப் போதும். ஓடத் தொடங்கியதும் டைனமோ தன் பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும். புதிய கார்களில் உள்ள ஓல்ரநேற்றருக்கு முதலில் ஒரு பற்றறி உயிரோடு இருக்க வேண்டும். கைப்பிடி போட ஓட்டையும் இல்லை. அவர் எங்கள் மரேயாவில் தேடியது அந்த உயிரின் வாசலைத்தான்.

சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். வெள்ளைப் புகை. டிஸ்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பிப் பொறியைப் பிந்த வைப்பார்கள், தட்டாமல் இருக்க. பொயின்ற் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு என்கிறது புத்தகம். ஐயாவுக்கு அது சிகரெட் பெட்டி மட்டை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையம் தாண்டி கீழே எஞ்ஜின் ஒயிலுடன் கலக்கும். "மற்றவைக்கு ஒயில் குறையும், எங்களுக்கு ஒயில் கூடும்" என்றார். குச்சியை இழுத்துப் பார்த்தால் நேற்றையிலும் உயரம். அது பெருக்கம் அல்ல, தண்ணியாய்ப்போன ஒயில். அப்படியே ஓடினால் பெயாரிங் போய்விடும். வடிக்க வேண்டும். வடித்தால் ஊற்றப் புதியது எங்கே? பழையதைத் துணியில் அரித்து, அடையவிட்டு, மேலாக எடுத்து ஊற்றுவது. பிளக்குகளை அடுப்புத் தணலில் சுட்டுக் கரி உரிப்பது. காஸ்கெற் அப்பியாசக் கொப்பி மட்டையில் வெட்டுவது. பெற்றோல் ராங்கி ஒழுகினால் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடைப்பது. ஆனால் அப்போது சவர்க்காரமும் தட்டுப்பாடு. குளிக்கிறதா, ராங்கி அடைக்கிறதா என்று வீட்டில் சண்டை வந்ததாம்.

இதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களின் தொடக்கத்தில் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையின் தெற்கில் செய்விக்கத் தொடங்கினார். தெற்கின் தகரவேலைக்காரர்கள் கையால் அடித்த பாகங்கள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போயின. ஆனையிறவு தாண்டி எங்களிடம் ஒரு நட்டுக்கூட வரவில்லை.

எங்கள் கீழ்வீட்டுச் சிசிலியக் கிழவருக்கு இந்தக் கதையை அரைகுறை இத்தாலியத்தில் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. "கசோஜெனோ" என்றார். கரியையோ விறகையோ மூடிய உலையில் புகையவிட்டு வரும் வாயுவில் லொறி ஓட்டிய காலத்தைத் தன் தகப்பன் சொல்லக் கேட்டவர் அவர். இரண்டாம் உலகப்போரில் தமிழ்நாட்டில் ஓடிய கரிவாயு பஸ்ஸும் அதே சங்கதிதான். இத்தாலி 1935இல் எதியோப்பியாவுக்குள் புகுந்தபோது சர்வதேச சங்கம் அதன்மேல் பொருளாதாரத் தடை விதித்தது. அந்தத் தடைப் பட்டியலில் எண்ணெய் சேர்க்கப்படவேயில்லை. படையெடுத்த நாட்டுக்குப் பெற்றோல் தடையில்லை. படையெடுப்பையே அறியாத எங்கள் ஆச்சிமாருக்கு விளக்கெண்ணெயும் அளந்துதான்.

இங்கே ஒரு விடயத்தில் எங்கள் ஆட்களோடு எங்களுக்குக் கோபம். மேடைகளில் இப்போது மண்ணெண்ணெய்க் காரைச் சொல்லி "எங்கடை மூளை" என்று பெருமைப்படுகிறார்கள். யாருடைய மூளை? அந்தக் கார்களின் சொந்தக்காரர் பெயர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இரவிரவாகக் கழற்றிப் பூட்டியவனின் பெயரைக் கேட்டால் "கராச்சுப் பெடியன்" என்பார்கள். பல இடங்களில் அவனுக்கு வீட்டு விறாந்தை வரைதான் அனுமதி. தேத்தண்ணி தனிக் கோப்பையில். பிள்ளை எஞ்சினியராக வேண்டும் என்று நேர்த்தி வைத்த சமூகம், பிள்ளையின் கையில் கிறீஸ் பட்டால் அடித்தது. அதன் பலன் நாங்கள் மூவரும்: எஞ்சினியரும் ஆகவில்லை, ஸ்பனரும் பிடிக்கவில்லை, பலெர்மோவில் சட்டி உரஞ்சுகிறோம். அதோடு அந்தப் புகை. வருடக்கணக்காக அதைக் குடித்த பிள்ளைகளும் நாங்கள்தான். போத்தல் பெற்றோல் தீப்பிடித்துக் கை வெந்த கதைகளும் ஐயாவிடம் உண்டு. அவற்றை மேடையில் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கார்கள் ஓடாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவரின் தங்கைச்சி 1993இல் ஒரு சோமசெற்றின் பின்சீற்றில் பிறந்திருக்க வேண்டியவள். மருதனாமடத்தில் கார் நின்றுவிட்டது. விமானத்துக்குப் பயந்து விளக்குப் போடாமல் வந்த கார். இருட்டில் சாரதி பொயின்றைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, விரலால் இடைவெளி பார்த்துப் பூட்டினார். பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போன பிறகுதான் பிள்ளை பிறந்தது. ஒரு கொம்பியூட்டர் பெட்டி வைத்த கார் நின்றிருந்தால் அந்த இருட்டில் யார் திறந்திருப்பார்கள்?

1995 ஒக்ரோபர் 30 இரவை எங்களில் இருவர் எட்டு, ஒன்பது வயதில் கண்டவர்கள். வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்த இரவு. மழை. செம்மணி வெளியில் அடி அடியாக நகர்ந்த சனத்துக்கு நடுவே கார்களும் அடி அடியாகத்தான். மண்ணெண்ணெய் எஞ்ஜின் மெதுவாக நின்று ஓடினால் குளிர்ந்து மூச்சடைக்கும். ஐயா கடைசியில் எஞ்ஜினை நிறுத்திவிட்டார். உள்ளே இரண்டு கிழவிகளும் அரிசி மூட்டையும். வெளியே தெரியாத ஆட்கள் தள்ளினார்கள். 1996 சித்திரையில் திரும்பிப் போனபோது வழியில் விட்டுவந்த பல கார்களில் சில்லுகள் இல்லை.

2002இல் ஏ-9 திறந்தது. பெற்றோல் வந்தது, மினிபஸ் வந்தது, தெற்கிலிருந்து பழைய கார் விரும்பிகளும் வந்தார்கள். ஐயா 2003இல் சோமசெற்றை விற்றார். 2006 ஓகஸ்ரில் பாதை மறுபடி பூட்டியபோது விற்றதை நினைத்து அழுதாராம். 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்று கியூஆர் அட்டை காட்டியபோது மட்டும் கொஞ்சம் சிரித்தாராம்: "இப்ப எல்லாருக்கும் விளங்கியிருக்கும்." 2020இல் நிறுத்திய கார் இறக்குமதியை அரசு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதித்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறியதைக் கேட்டபோது அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

எங்கள் மரேயாவின் கதைக்கு வருவோம். ஐயா கேட்டது ஒரே கேள்வி: "எஞ்ஜின் கொதிக்கேக்கை றேடியேற்றர் குளிராய் இருக்கோ?" தொட்டுப் பார்த்தோம். குளிர். "அப்ப தண்ணி போகேல்லை. வாய் பூட்டுப்பட்டு நிக்குது. தேமோஸ்ரற்றைக் கழட்டிச் சுடுதண்ணிக்குள்ளை போட்டுப் பாருங்கோ." எஞ்ஜின் ஆறும்வரை காத்திருந்து கழற்றினோம். பாஸ்தா அவிக்கும் பாத்திரத்தில், கொதிக்கும் தண்ணீரில் போட்டோம். திறக்கவேயில்லை. பழைய கார் உடைக்கும் இடத்தில் ஒன்று தேடி எடுத்து, அதையும் அதே பாத்திரத்தில் சோதித்துப் பூட்டினோம். மூன்றாவது திங்கட்கிழமை மொந்தே பெல்லக்ரீனோ மலைக்கு, சாந்தா ரொசாலியா கோயில் வரை ஓட்டினோம். கொதிக்கவில்லை. எஞ்ஜின் விளக்கு ஒன்று மட்டும் மஞ்சளாக எரிகிறது; அது ஐயாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ரெவிசியோனே பரிசோதனைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

கார் மலை ஏறிய படத்தை ஐயாவுக்கு அனுப்பினோம். அவர் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினார். துருப்பிடித்த கைப்பிடி. சோமசெற்றை வாங்கிக்கொண்டு போன தெற்கு மனிதர் அதைக் கேட்டு இரண்டு தரம் கோல் எடுத்தாராம். இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். அது இருபத்திரண்டு வருடமாக அவருடைய கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.