சாக்பீஸ் எந்தப் பக்கம் தொடும்?

 இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் கடைசி வரை வாருங்கள்.

கோவையில் பம்ப் பட்டறையில் வேலை செய்கிற நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், தேஞ்சுபோன இம்பெல்லரை வெல்டு வெச்சு, சாணை பிடிச்சுக் குடுக்கறோம். மறுபடியும் பேலன்ஸ் பாக்கணும்னு சொன்னா, அதுக்கு எதுக்குத் தனியாக் காசுன்னு பார்ட்டி சண்டைக்கு வர்றாங்க. அது அவசியந்தானுங்களா?"

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவன், எஞ்சினியர் அல்ல. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைத் தேடிப் படித்ததில் ஒரு வாரத் தூக்கம் போயிற்று.

முதலில் ஒரு கணக்கு. சுற்றுகிற சக்கரம் ஒன்றில், மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, ஒரு பக்கம் மட்டும் 1 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் அந்த 1 கிராம் சக்கரத்தை வெளியே இழுக்கும் இழுப்பு சுமார் 10 கிராம் எடைக்குச் சமம். பயப்பட ஒன்றுமில்லை. 3,000 சுற்றில் அதே 1 கிராம் 1 கிலோ எடைபோல இழுக்கும். 30,000 சுற்றில் 100 கிலோ! வேகம் பத்து மடங்கானால் இழுப்பு நூறு மடங்கு. வர்க்கம் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அதன் வேலைதான் இது. இழுக்கும் திசையும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 3,000 சுற்றில் பேரிங்குக்கு வினாடிக்கு 50 அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

(ஃபேன் ஆடுகிறது என்று கேட்ட சித்தி மகளுக்கு: இறக்கைகள் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். தூசி துடை. ஒரு ஃபேனின் இறக்கையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டாதே. மூன்றையும் எடை பார்த்துத்தான் ஒரு செட்டாகக் கட்டிக் கொடுக்கிறார்கள்.)

இனி சரித்திரம். 1869-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ராங்கின் என்ற பேராசிரியர் இருந்தார். நீராவி எஞ்சின் விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சுழலும் தண்டுகளைப் பற்றி அந்த வருடம் அவர் ஒரு கட்டுரை எழுதினார். எந்தத் தண்டும் நூறு சதவீதம் சமமாக இருக்காது. சுற்றச் சுற்ற, கனமான பக்கம் வெளியே இழுக்கும், தண்டு லேசாக வளையும். வளைந்தால் இழுப்பு இன்னும் கூடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில், தண்டு நிமிரப் பார்க்கும் பலத்தை வெளி இழுப்பு எட்டிப் பிடித்துவிடும். அந்த வேகத்துக்கு மேல் எந்த எந்திரத்தையும் ஓட்ட முடியாது என்று முடித்துவிட்டார்.

வேகம் அந்த எல்லையை எட்டும்போது தண்டு வெறிபிடித்தது போல ஆடும் என்பது உண்மைதான். அதற்கு மேல் போகவே முடியாது என்பதுதான் தப்பு. தண்டு வெளிப்பக்கமாக மட்டுமே விலகும் என்று வைத்து அவர் கணக்குப் போட்டார். சுற்றிக்கொண்டிருக்கும் பொருள் பக்கவாட்டிலும் விலகும் என்பதை விட்டுவிட்டார். பெரிய மனிதர் செய்த கணக்கு ஆயிற்றே, யாரும் கரும்பலகைக்குப் போய்த் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

செய்தே காட்டியவர் ஸ்வீடன்காரர் குஸ்டாஃப் டி லாவல். அவருக்கு வந்தது பால் பிரச்சினை. 1878-ல் பாலைச் சுழற்றி வெண்ணெய்க்கான ஆடையைத் தனியே பிரிக்கும் கருவியைச் செய்தார். அது அதிவேகமாகச் சுற்ற வேண்டும், அன்றைய நீராவி எஞ்சின்களோ மாட்டு வண்டி வேகம். ஆகவே தானே ஒரு நீராவி டர்பைன் செய்யப் புறப்பட்டார். குறுகி, பிறகு விரிகிற ஒரு குழாய் வழியாக நீராவியைப் பீய்ச்சினார். இன்றைக்கு இஸ்ரோ ராக்கெட்டின் அடியில் மணிபோல விரிந்திருக்கும் நாசில் அந்த வம்சம்தான். சக்கரம் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றியது.

மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு கிராம் பிசகினாலும் எந்தப் பேரிங்கும் நிற்காது. நானாக இருந்தால் இன்னும் தடியான தண்டு போடுங்கள் என்றிருப்பேன். லாவல் நேர் எதிராக, மெல்லிய, வளைகிற தண்டைப் போட்டார். தொடங்கும்போது அது கிடுகிடுவென ஆடியது. ராங்கின் சொன்ன எல்லையைச் சட்டென்று தாண்டியதும் ஆட்டம் அடங்கிச் சீராகச் சுற்றியது. 1889 வாக்கில் இது நடந்துவிட்டது. (அதே காலத்தில் இங்கிலாந்தில் பார்சன்ஸ் என்பவர், 1884-ல் செய்த தன் முதல் டர்பைனை 18,000 சுற்றில் ஓட்டினார். அவர் பேரிங்கைச் சுற்றி வளையங்களை அடுக்கி, தண்டு கொஞ்சம் நகர இடம் கொடுத்தார். வழி வேறு, புத்தி ஒன்று.)

ஏன் அடங்கியது? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சாவிக்கொத்தை ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மிக மெதுவாக இடமும் வலமும் ஆட்டினால், கை போகும் பக்கமே சாவியும் போகும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஓர் இடத்தில் சாவி தாறுமாறாக வீசி ஆடும். அதையும் தாண்டி வேகமாக ஆட்டுங்கள். கை வலப்பக்கம் போகும்போது சாவி இடப்பக்கம் இருக்கும், அதுவும் சிறிதாகத்தான் அசையும். சுழலும் தண்டும் அப்படித்தான். குறைந்த வேகத்தில் கனமான பக்கம் வெளியே பிதுங்கும். எல்லையைத் தாண்டிய பின் கனமான பக்கம் உள்ளே திரும்பிவிடும். சக்கரம் நாம் போட்ட அச்சை விட்டு, தன் எடையின் மையத்தைச் சுற்றத் தொடங்கிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். மீட்டர்கள் வராத காலத்தில், எந்தப் பக்கம் கனம் என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் எதை வைத்துப் பார்த்தார்கள் தெரியுமா? சாக்பீஸ்! சுற்றுகிற தண்டுக்கு அருகில் சாக்பீஸை மெல்லக் கொண்டுபோவார்கள். பிதுங்கி வருகிற பக்கத்தில் மட்டும் கோடு விழும். எந்திரத்தை நிறுத்தி, கோடு விழுந்த பக்கம் கனம் என்று அங்கே உலோகத்தைச் சுரண்டி எடுப்பார்கள். எல்லை வேகத்துக்குக் கீழே ஓடும் எந்திரத்தில் இது சரி. மேலே ஓடுவதில் கோடு விழுவது கனம் குறைந்த பக்கத்தில்! அங்கே சுரண்டினால் ஆட்டம் இன்னும் கூடும். எல்லைக்கு நெருக்கத்தில் ஓடினால் கோடு இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழும். சாக்பீஸ் பொய் சொல்லாது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்தவனுக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கணக்கு, கைவேலைக்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. 1894-ல் டங்கர்லி அந்த ஆபத்தான எல்லையை ஆராய்ந்து எழுதினார். மறு வருடமே ஜெர்மனியில் ஃபோப்பல், லாவல் தண்டு ஏன் அடங்கியது என்பதற்குச் சரியான விளக்கம் கொடுத்தார். ஆங்கிலம் படிக்கிற உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1919-ல் ஜெஃப்காட் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் விவாதம் தெளிந்தது. ராங்கின் கட்டுரைக்குச் சரியாக ஐம்பது வருடம் கழித்து! பாடப்புத்தகங்கள் அந்த எளிய தண்டு-சக்கர மாதிரிக்கு இன்றும் பெரும்பாலும் ஜெஃப்காட் பெயரைத்தான் வைத்திருக்கின்றன. முதலில் சொன்ன ஃபோப்பல் பாவம்.

பேலன்சிங் மெஷினுக்கு 1870-லேயே கனடாவில் மார்ட்டின்சன் என்பவர் காப்புரிமை வாங்கினார். ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து ஜெர்மனியில் லாவாசெக் என்பவர் அதை மேம்படுத்த, டார்ம்ஸ்டாட் நகரத்து ஷெங்க் கம்பெனி அந்த வேலையைக் கையில் எடுத்தது. ஏன் மெஷின் வேண்டும்? தட்டையான சக்கரம் என்றால் இரண்டு கத்தி முனைத் தண்டவாளத்தின் மேல் வைத்துவிட்டால் போதும், கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். நீளமான ரோட்டார் என்றால் இது ஏமாற்றிவிடும். ஒரு முனையில் மேல்பக்கம் 5 கிராம், மறுமுனையில் கீழ்ப்பக்கம் 5 கிராம் கூடுதல் என்றால் கத்தி முனையில் அது சாதுவாக நிற்கும். சுற்றவிட்டால்தான் இரண்டு முனையும் எதிரெதிராக உதறும். அதனால் சுற்றவிட்டு, இரண்டு முனையிலும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

மாணவர் கேட்டதற்கு இப்போது வருகிறேன். அவசியந்தான் கண்ணு. உன் பார்ட்டி கேட்ட அதே கேள்விக்கு ரஷ்யாவில் என்ன பதில் வந்தது என்று பார்.

சைபீரியாவில் யெனிசெய் ஆற்றின் மேல் சயானோ-ஷுஷென்ஸ்கயா என்ற பிரம்மாண்டமான நீர்மின் நிலையம். பத்து டர்பைன்கள், ஒவ்வொன்றும் 640 மெகாவாட். 2009 தொடக்கத்தில் இரண்டாம் எண் டர்பைனைப் பராமரிப்புக்காக நிறுத்தி, இறக்கைகளில் இருந்த விரிசல்களையும் குழிகளையும் வெல்டு வைத்து அடைத்தார்கள். அதன் பிறகு சரியாக பேலன்ஸ் செய்யவில்லை. அதிர்வு கூடியது. காகிதத்தில் போட்ட வரம்புக்குள்தான் இருந்தது, ஆனால் நீண்ட நாள் தாங்கக்கூடியது அல்ல. இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மின் தேவைக்கு ஏற்ப அந்த டர்பைனை ஏற்றி இறக்கி, ஓட்டக் கூடாத நிலைகளின் வழியாகத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனார்கள். மேல்மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தன.

2009 ஆகஸ்ட் 17 காலை, மூடி பிய்ந்து, பல நூறு டன் எடையுள்ள ரோட்டார் மேலே எழும்பியது. கீழிருந்து வந்த வெள்ளம் எந்திரக் கூடத்தை நிரப்பியது. 75 பேர் இறந்தார்கள். பிறகு கிடைத்த 49 போல்ட்டுகளைச் சோதித்ததில் 41-ல் விரிசல் இருந்தது. எட்டு போல்ட்டுகளில் குறுக்குப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் முன்பே அறுந்திருந்தது. குறைந்தது ஆறு போல்ட்டுகளில் நட்டே இல்லை. அதிர்வு ஒரே நாளில் கொல்லவில்லை, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது.

திடீரென்று வரும் சமநிலைக் கேட்டுக்கு வெளிநாடு போக வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் நரோரா அணுமின் நிலையம் இருக்கிறது. 1993 மார்ச் 31 அதிகாலை, முதல் அலகின் டர்பைனில் கடைசி வரிசையைச் சேர்ந்த இரண்டு இறக்கைகள் உலோகக் களைப்பால் ஒடிந்தன. இரண்டே இறக்கைகள். அதனால் வந்த ஆட்டத்தில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வெளியே கசிந்து தீப்பிடித்தது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்களைப் பிடிக்க, நிலையம் முழுவதும் சுமார் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போயிற்று. அணு உலையை ஊழியர்கள் உடனே நிறுத்திவிட்டாலும், அதன் சூடு அடங்க நாளாகும், குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் புகை. ஊழியர்கள் பேட்டரி விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் மேலே ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து, போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். தீயணைப்புக்காக வைத்திருந்த டீசல் பம்புகளை ஓட்டித்தான் நீராவி கொதிகலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.