பறையும் 'பரையா'வும்

ஆங்கில நாளேடுகளைப் படிப்போர்க்குப் 'பரையா ஸ்டேட்' என்னும் தொடர் புதிதன்று. உலக நாடுகள் ஒதுக்கி வைத்த அரசு என்பது அதன் பொருள். நிறவெறிக் கொள்கையைக் கைக்கொண்ட தென்னாப்பிரிக்காவை 1970களில் இவ்வாறு குறித்தனர். நண்பர்களால் விலக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதும்போதும் 'பரையாவைப் போல நடத்தினார்கள்' என்பது அம்மொழியில் வெகு இயல்பான வழக்கு. இஃது ஒரு தமிழ்ச் சொல் என்று அறிந்தவர்கள்கூட, 'சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்' என்பதே அதன் மூலப்பொருள் என்று கருதிவிடுகிறார்கள்.

மூலம் அதுவன்று. பறை முழக்குபவன் பறையன். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இவ்வேரை ஏற்றதோடு, இம்மக்கள் எந்தச் சாதியிலிருந்தும் தள்ளப்பட்டவரல்லர், தொன்மையான தனிக்குடியினர் என்றும் எடுத்துரைத்தார்.

பின் பொருள் எங்கே திரிந்தது? போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா 1516 அளவில் இப்பெயரைக் குறிக்கிறார். 1613இல் அது ஆங்கிலத்தில் ஏறியது. அதுவரை அது ஒரு சமூகத்தின் பெயர் மட்டுமே. அதனை உருவகமாக்கியதில் ஐரோப்பிய இலக்கியத்தின் பங்கு பெரிது. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் தெ சேன்-பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை' என்னும் கதையில், உண்மையைத் தேடி அலையும் ஆங்கில அறிஞர் அதனை ஒரு பரையாவின் குடிசையில் கண்டடைகிறார். 1821இல் தெலவீஞ்ஞின் 'பரையா' நாடகம் பாரிசில் மேடையேறியது. கெதேயும் இப்பெயரில் கவிதைகள் எழுதினார். இரக்கத்தோடு எழுதியவர்கள்தாம், ஐயமில்லை. ஆயினும் அவ்விரக்கத்தில் பறையின் ஒலி கேட்கவில்லை. தள்ளுண்டவன் என்ற ஒரு பொருளே எஞ்சியது.

அவ்வொலியைக் கேட்கத் தகடூர்க்கு, அதாவது இன்றைய தருமபுரிக்கு, வரவேண்டும். பறை என்பது தோற்கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகவும் வழங்கியது. அவ்வினத்தைச் சேர்ந்த தண்ணுமை ஒன்று அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் மன்றத்தில் தொங்கியதைப் புறநானூற்றின் 89ஆம் பாடலில் ஔவையார் காட்டுகிறார். காற்று மோதி அதன் தோல் அதிர்ந்தாலும், போர் வந்ததென்று அதியமான் எழுவானாம்! பகையரசனுக்கு ஔவையார் விடுத்த எச்சரிக்கை அது. மாங்குடி கிழாரின் 335ஆம் பாடலோ பறையனைத் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு நான்கு குடிகளுள் ஒன்றாக வைக்கிறது. அதே பாடல், போரில் வீழ்ந்த வீரனின் நடுகல்லைத் தவிர வழிபடத்தக்க தெய்வம் வேறில்லை என்றும் சொல்கிறது. நடுகற்கள் மலிந்த தருமபுரி மண்ணில் நின்று படிக்கும்போது இப்பாடலின் சுவையே வேறு.

இதைச் சொல்லி, பழி முழுவதையும் ஐரோப்பியர் தலையில் சுமத்தித் தப்பித்துக்கொள்ள இயலாது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன. இவ்விரண்டும் தனித்தனியே குறிக்கப்படுவது கருதத்தக்கது; எனினும் ஊரும் சேரியும் வேறாகிவிட்டன என்பது தெளிவு. அவ்வளவு தொலைவு போவானேன்? 2012 நவம்பர் 7 அன்று இதே தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகள் கொளுத்தப்பட்டன. பிரெஞ்சு நாடகத்தைப் பார்த்துவிட்டு எவரும் அதைச் செய்யவில்லை.

இப்பெயரை என்செய்வது என்பதில் அச்சமூகத்தின் தலைவர்களே ஒருமித்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே தம் இதழுக்குப் பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்பட்டதை நிமிர்ந்து நின்று சொன்ன துணிவு அது. அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரையே மறுத்தார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி 'ஆதிதிராவிடர்' என்பது அரசு வழக்கில் இடம்பெற்றது.

ஆங்கிலம் அத்தொடரை இன்னும் விடவில்லை. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் அதனைத் 'தீண்டத்தகாத நாடு' என்று எழுதி வரும் மாணவர்க்கு, 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று திருத்தித் தருவது என் வழக்கம்.