கருமுட்டைக்குள் ஒரு தக்களி... அந்த 16 மணி நேரம் என்ன நடக்குது?

நீங்கள் பெண்ணா? இந்த மாதம் உங்கள் சினைப்பையிலிருந்து வெளிவரும் கருமுட்டை, உங்க பிறந்தநாளைவிடப் பழசு. ஆமாம், நீங்க அம்மா வயித்துல இருந்தப்பவே அது உருவாகிடுச்சு. பிறக்கும்போது இருக்கும் 10 முதல் 20 லட்சம் முட்டைகளும் செல் பிரிதலைத் தொடங்கிவிட்டு, பாதியில் 'பாஸ்' பட்டன் அழுத்தியதுபோல நின்றுவிடும். வருடக்கணக்கில் அப்படியேதான் காத்திருக்கும்.

மாதவிடாய் சுழற்சியின் நடுவில் எல்.ஹெச் ஹார்மோன் எகிறும்போதுதான் ஒரு முட்டை விழித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு பெரிய வேலை. 23 ஜோடி குரோமோசோம்களில் ஜோடிக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை 'போலார் பாடி' என்ற குட்டிப் பொட்டலமாக வெளியே தள்ள வேண்டும்.

இழுத்துப் பிரிக்கும் கருவிதான் ஸ்பிண்டில். பாடப்புத்தகத்தில் கதிர்கோல் இழைகள்னு படிச்சிருப்பீங்க. நடுவில் பருத்து, இரண்டு முனையும் கூராக, நூல் நூற்கும் தக்களி மாதிரி இருக்கும்.

உடம்பின் மற்ற செல்களில் இது சுமார் அரை மணி நேர வேலை. இரண்டு பக்கமும் சென்ட்ரோசோம் நின்று, இழைகளை நூற்றுக் கொடுத்துவிடும். ஆனால், கருமுட்டையில் சென்ட்ரியோல்களே கிடையாது. வளரும்போதே தொலைத்துவிடுகிறது. எலியின் முட்டை இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. 80-க்கும் மேற்பட்ட குட்டி மையங்கள் ஒன்றுகூடி, பந்தாகத் திரண்டு, பிறகு இருமுனைக் கதிராக நீளும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மனித முட்டை? 2015-ல் மெலினா ஷூ தலைமையிலான குழு, செயற்கைக் கருத்தரிப்புக்குப் பயன்படாத முட்டைகளைத் தானமாகப் பெற்று மைக்ரோஸ்கோப்பில் படம்பிடித்தது. எலியில் பார்த்த மையங்கள் இங்கே தென்படவில்லை. குரோமோசோம்களைச் சுற்றியே இழைகள் முளைத்தன. கதிர் உருவாக ஏறக்குறைய 16 மணி நேரம்! அதுவும் சும்மா இல்லை. பல முட்டைகளில் இரண்டு முனைக்குப் பதில் மூன்று, நான்கு முனை தோன்றி, ஆட்டம் கண்டது.

ஏன் இந்தத் தள்ளாட்டம்? 2022-ல் அதே குழு ஒரு காரணம் சொன்னது. இழைகளைச் சேர்த்துக் கட்டும் கே.ஐ.எஃப்.சி-1 என்ற புரதம் எலி, மாடு, பன்றி முட்டைகளில் தாராளம். நம்மிடம் பஞ்சம். அதை மனித முட்டைக்குள் செலுத்தியபோது கதிர் நிலையாக நின்றது. இப்போதைக்கு ஆய்வகத்தில் மட்டும்தான், கிளினிக்கில் கேட்டுடாதீங்க.

கதிர் தடுமாறினால் குரோமோசோம் கணக்கு தப்பும். 21-வது குரோமோசோம் கூடுதலாக வந்தால் டவுன் சிண்ட்ரோம். மற்ற பெரும்பாலான கணக்குப் பிழைகளில் கரு தொடக்கத்திலேயே கலைந்துவிடும். ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் சுமார் பாதிக்கு இந்த மாதிரி குரோமோசோம் பிழைதான் காரணம். "பப்பாளி சாப்பிட்டியா, ஸ்கூட்டில போனியா?"ன்னு யாராவது விசாரணை வச்சா, இதை எடுத்துக் காட்டுங்க. 35-ஐத் தாண்டும்போது பிழை கூடும். குரோமோசோம்களை ஒட்டிவைக்கும் கொஹீசின் என்ற 'பசை' நாளாக நாளாகத் தேய்வது முக்கியக் காரணம். அதற்காக 25 வயது முட்டையில் பிழையே வராது என்றில்லை.

முதல் பிரிதல் முடிந்ததும் முட்டை இன்னொரு கதிரைக் கட்டிவிட்டு, விந்தணு வரும்வரை மறுபடியும் நிற்கும். இந்தக் கதிருக்குக் குளிர் ஆகாது, இழைகள் கரைந்துவிடும். அதனால்தான் ஐ.வி.எஃப் லேபில் முட்டையை 37 டிகிரியிலேயே வைத்திருப்பார்கள். விந்தணுவை ஊசியால் செலுத்தும்போதும், போலார் பாடி இருக்கும் பக்கம் ஊசி படாமல் பார்த்துக்கொள்வார்கள். கதிர் பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும்.