ஓர் இடுக்கத்தின் வரலாறு

குடும்பச் சொத்தை இரு மக்களுக்குப் பங்கிட வேண்டுமானால் பெரியோர் கூடுகின்றனர். பத்திரங்களை விரித்துக் கணக்குப் பார்க்கின்றனர். அங்ஙனம் செய்தும் சில வேளை வழக்கு எழுந்துவிடுகின்றது. நம் உடலிலோ இத்தகைய பாகப்பிரிவினை ஓயாது நடந்தவண்ணம் இருக்கின்றது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்துக்கொள்கின்றது. பின்னர்த் தோன்றும் இரண்டு அணுக்களுக்கும் ஒவ்வொரு முழுத் தொகுதியைக் குறைவின்றித் தருகின்றது. இப்பங்கீட்டிற்கு ஆதாரமாக நிற்பது குரோமோசோமில் காணப்படும் ஒரு சிறு இடுக்கமே ஆகும். சென்ட்ரோமியர் என்பது அதன் பெயர். மெலிந்து தோன்றும் அவ்விடத்தின் ஆற்றலை மனிதர் உணர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அவ்வரலாறு ஜெர்மனியின் கீல் நகரில் தொடங்குகின்றது. அங்கே வால்தர் ஃபிளெமிங் என்னும் பேராசிரியர், சாலமண்டர் என்னும் பிராணியின் குஞ்சுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவற்றின் உயிரணுக்கள் அளவிற் பெரியவை. துணிகளுக்கு ஏற்றும் அனிலைன் சாயங்களை அவ்வணுக்களில் ஊட்டியபோது, உட்கருவினுள் இழைகள் தெளிவாகத் தென்பட்டன. ஒவ்வோர் இழையும் நெடுக்கில் இரண்டாகப் பிளந்திருப்பதைக் கண்ட அவர், 1882இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். அவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்று 1888இல் பெயரிட்டவர் வால்டையர். சாயம் ஏற்கும் உடல் என்பது அதன் கருத்து.

அணு பிரிகையில் அதன் இரு முனைகளிலிருந்தும் நுண்ணிய நார்கள் புறப்பட்டு, நூல் சுற்றிய கதிரின் வடிவில் அமைகின்றன. இவ்வமைப்பைக் கதிர்கோல் என்பர். கயிற்றின் நடுவைப் பற்றி இழுத்தால் அதன் இரு முனைகளும் பின்னே தொங்கி வருமன்றோ? அவ்வாறே குரோமோசோமும் இடுக்கம் முன்செல்ல, கரங்கள் பின்தொடர, முனையை நோக்கி நகர்கின்றது. நார்கள் பற்றும் இடம் அதுவே என்பது இதனால் புலனாயிற்று. அதற்குச் சென்ட்ரோமியர் என்னும் பெயரை 1936இல் வழங்கியவர் இங்கிலாந்தின் சி. டி. டார்லிங்டன். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாளுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டவரும் இவரே.

அவ்விடம் இன்றியமையாதது என்பதை எக்ஸ் கதிர்ச் சோதனைகள் மெய்ப்பித்தன. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பார்பரா மக்ளிண்டாக் அம்மையார், 1930களில் மக்காச்சோளத்தின் உடைந்த குரோமோசோம்களை உற்றுநோக்கினார். சென்ட்ரோமியர் அற்ற துண்டை நார்கள் பற்றுவதில்லை. பிரிவின்போது அது தொலைந்துபோகின்றது. உடைந்த முனைகள் ஒட்டி, ஒரே குரோமோசோமில் இரண்டு சென்ட்ரோமியர்கள் அமைந்துவிட்டாலோ கேடு வேறு விதமாக வருகின்றது. இரண்டும் எதிரெதிர் முனைகளுக்கு இழுபட, இடைப்பகுதி பாலம்போல் நீண்டு அறுந்துவிடுகின்றது. அறுந்த முனைகள் மீண்டும் ஒட்டி, அடுத்த பிரிவில் மீண்டும் அறுகின்றன. சென்ட்ரோமியர் இல்லாமலும் ஆகாது. இரண்டாக இருத்தலும் ஆகாது.

இனி, நார்கள் அதனைப் பற்றும் விதத்தைக் காண்போம். சென்ட்ரோமியரின்மேல் கைனட்டோகோர் என்னும் புரதக் கட்டமைப்பு எழுகின்றது. நார்கள் நீண்டும் குறுகியும், இருளில் கைதுழாவுவாரைப் போல அதனைத் தேடுகின்றன. இத்தேடலில் தவறு நேர்வது இயல்பே. இரு படிகளையும் ஒரே முனையின் நார்கள் பற்றிக்கொண்டால், ஓர் அணுவுக்கு இரண்டும் சேரும். மற்றதற்கு ஒன்றும் இராது. இத்தவறைக் கண்ணில்லாத உயிரணு எங்ஙனம் அறிகின்றது?

இவ்வினாவிற்கு விடை தேடியவர் டியூக் பல்கலைக்கழகத்தின் புரூஸ் நிக்லஸ். வெட்டுக்கிளியின் விந்தணுக்களைத் தோற்றுவிக்கும் அணுக்களில் குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து, பின்னர்ப் பிரியும். அத்தகைய ஓர் இணை முழுவதும் ஒரே முனையின் பிடியில் சிக்குமாறு, மெல்லிய கண்ணாடி ஊசியால் அவர் மாற்றி வைத்தார். அப்பிடி நிலைக்கவில்லை, நெகிழ்ந்து, சரியான பிடியாக மாறியது. ஆனால் அவ்விணையை எதிர்ப்புறமாக ஊசியால் இழுத்து வைத்திருந்தபோது தவறான பிடியும் நிலைத்து நின்றது. 1969இல் வெளிவந்த இச்சோதனை ஓர் உண்மையை விளக்கிற்று. கயிறிழுப்பில் இரு புறமும் இழுத்தாலன்றிக் கயிறு விறைப்பதில்லை. அவ்விறைப்பே சரியான பிடிக்கு அடையாளம். 1995இல் கும்பிடுபூச்சியின் அணுக்களிலும் இது உறுதியாயிற்று. இணை சேராத குரோமோசோம் ஒன்று இருந்தால் அவ்வணு பிரியாமல் காத்திருக்கும்; அதனை ஊசியால் இழுத்தபோதோ பிரிவு தொடங்கியது. ஆகவே அணு எண்ணிப் பார்ப்பதில்லை, இழுவிசையை உணர்கின்றது. உடலணுக்களின் பிரிவில், பிடிகள் யாவும் சரியான பின்னரே இரு படிகளையும் பிணைத்திருக்கும் கொஹீசின் என்னும் புரத வளையம் அறுபடுகின்றது.

சென்ட்ரோமியரில் அடங்கிய பொருள்களை அறிய ஒரு நோய் துணைசெய்தது. தோல் இறுகும் நோயுற்றோர் சிலரின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் சென்ட்ரோமியரில் சென்று படிவதை 1980இல் கண்டனர். அவற்றின் துணையால் 1985இல் அதன் புரதங்கள் சில அடையாளம் காணப்பட்டன. அதே 1980இல் லூயிஸ் கிளார்க், ஜான் கார்பன் இருவரும் ஈஸ்ட்டின் சென்ட்ரோமியரைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ஏறத்தாழ 125 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. போதுமானதாக இருந்தது. மனிதரிலோ 171 எழுத்துகள் கொண்ட தொடர் ஒன்று, பன்முறை அடுத்தடுத்து வருகின்றது. பெரிதும் மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வரும் அப்பகுதிகளைப் படித்து முடித்த செய்தி 2022இல்தான் வெளியாயிற்று. எனினும் எழுத்துகளே யாவும் அல்ல. அத்தொடர் இல்லாத இடத்திலும் சென்ட்ரோமியர் தோன்றக்கூடும் என்பது 1993இல் அறியப்பட்டது. அவ்விடத்தைக் குறித்துவைப்பது சென்ப்-ஏ என்னும் புரதமே.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்திகள் அல்ல. டௌன் நோய்க்குறி உடையோரிடம் ஒரு குரோமோசோம் மிகுதியாக இருப்பதை 1959இல் லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் ஆகியோர் பாரிஸில் வெளியிட்டனர். பங்கீட்டில் நேர்ந்த ஒரு பிழையின் விளைவு அது. பெண்ணின் முட்டையணுக்கள் அவள் பிறக்குமுன்பே பிரிவைத் தொடங்கிப் பல ஆண்டுகள் பாதிவழியில் நிற்கின்றன. அத்தனை ஆண்டுகளும் கொஹீசின் பிணைப்பு தளராதிருத்தல் வேண்டும். தாயின் வயதோடு இப்பிழை பெருகுவதற்கு அப்பிணைப்பின் தளர்ச்சி ஒரு காரணம் என ஆய்வுகள் காட்டுகின்றன. அணுவின் காத்திருக்கும் இயல்பை மருத்துவமும் பயன்கொள்கின்றது. நம் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறும் வின்கிரிஸ்டின் மருந்து கதிர்கோல் நார்களைக் குலைக்கின்றது. பிடி கிடைக்காத புற்றுநோய் அணு பிரிய இயலாமல் நின்று மடிகின்றது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெங்காய வேரின் நுனியை நசுக்கிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் காணும் வாய்ப்பு மாணவர் பலருக்கு உண்டு. அங்கே வளைந்து விலகிச் செல்லும் குரோமோசோம்களைக் கண்டால், வளைவின் முனையைச் சற்று நேரம் நோக்குங்கள். ஃபிளெமிங் காலத்தார் கண்ட அதே இடுக்கம், அதே வேலையை அங்கும் செய்துகொண்டிருப்பதைக் காண்பீர்கள்.