சோடாக் காரமும் மாற்றுச் சிறுநீரகமும்

ஆப்ப மாவில் இடும் சோடா உப்பு இல்லாத சமையற்கட்டு அரிது. ஒரு சிட்டிகை இட்டால் மாவின் புளிப்புத் தணியும். மனித இரத்தத்தில் அமிலம் மிகும்போது மருத்துவர்கள் நாடுவதும் இதே பொருளைத்தான். சோடியம் பைகார்பனேட் என்பது அதன் இரசாயனப் பெயர். பிறரிடமிருந்து சிறுநீரகம் பெற்று உயிர் வாழ்வோருக்கு இந்த எளிய காரம் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பது அண்மையில்தான் தெளிவாயிற்று. அதன் பின்னே ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

முதலில் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். இரத்தம் இயற்கையில் சிறிதளவு காரத்தன்மை உடையது. உண்ட உணவு, சிறப்பாகப் புரதச் சத்து, உடலில் சிதையும்போது நாள்தோறும் அமிலம் பிறக்கிறது. அதை உடனுக்குடன் தணிப்பது இரத்தத்திலுள்ள பைகார்பனேட். செலவான பைகார்பனேட்டை ஈடுசெய்து, அமிலத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது சிறுநீரகத்தின் கடமை. அக்கடமை தவறினால் அமிலம் தேங்கும். நாளடைவில் எலும்பு வலுவிழக்கும், தசை மெலியும்.

காலரா கற்பித்த பாடம்

1831ஆம் ஆண்டில் காலரா நோய் இங்கிலாந்தில் பரவியது. அயர்லாந்தில் பிறந்த ஓஷானஸி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதிலிருந்து நீரும் உப்பும் காரமும் பெருமளவு குறைந்திருப்பதையும், இழந்தவை பேதியில் வெளியேறியிருப்பதையும் கண்டார். போனதைத் திருப்பித் தருவதே முறை என்றார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகள் அமைத்துப் புகழ் பெற்றவரும் இவரே.

இவர் கூறியதைச் செயலாற்றிக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832இல் அவர் உப்பும் சோடாக் காரமும் கலந்த நீரை, சாகும் நிலையிலிருந்த மூதாட்டி ஒருவரின் இரத்தக் குழாயில் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஒடுங்கிய முகம் தெளிந்தது, நாடி திரும்பியது. ஆனால் பேதி நிற்கவில்லை. மருந்து நீர் மீண்டும் செலுத்தப்படாமையால் சில மணி நேரத்தில் அம்மூதாட்டி இறந்தார். அடுத்த ஆண்டு லாட்டாவும் மறைந்தார். அவர் முறையும் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது.

1910இல் மணிலாவில் செல்லார்ட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், காலரா நோயாளிகளின் உடல் மிகுதியான சோடாக் காரத்தைத் தாங்கி உள்வாங்குவதைக் கண்டு, அவர்களிடம் அமிலம் தேங்கியிருந்ததை உணர்ந்தார். 1917இல் நியூயார்க்கில் வான் ஸ்லைக் என்னும் அறிஞர், இரத்தத்தின் பைகார்பனேட்டை அளக்கும் கருவியை அமைத்தார். அதுவரை ஊகமாய் இருந்தது, அதன்பின் எண்ணாயிற்று.

வேலியும் பயிரும்

1954 டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் அறுவை மருத்துவர், ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். பெற்றவர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிட்டியது. சிங்கப்பூரில் 1970ஆம் ஆண்டிலும், கோலாலம்பூரில் 1975ஆம் ஆண்டிலும் முதல் சிறுநீரக மாற்று நடைபெற்றது.

ஒத்த இரட்டையர்க்குத் தடையில்லை. ஏனையோர் உடலோ புதிய உறுப்பைப் பகையெனக் கருதித் தாக்கும். அதைத் தடுக்க 1980களில் சைக்ளோஸ்போரின், அடுத்த பத்தாண்டில் டாக்ரோலிமஸ் ஆகிய மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன. பொருத்திய உறுப்பைக் காக்கும் இம்மருந்துகளே, அமிலத்தை வெளியேற்றும் நுண்குழல்களின் வேலையைத் தளர்த்துவதும் உண்டு. வேலியே பயிரைச் சிறிது மேய்ந்த கதை இது. வேலியை அகற்றவும் வழியில்லை. மேலும், பொருத்தப்படுவது பெரும்பாலும் ஒரே சிறுநீரகம். ஆகவே மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரிடம் அமில மிகை பரவலாகக் காணப்படுகிறது.

நம்பிக்கையும் சோதனையும்

2009இல் இலண்டனில் நடந்த ஓர் ஆய்வு பெரும் நம்பிக்கையை எழுப்பியது. சொந்தச் சிறுநீரகம் பழுதுற்ற 134 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டாண்டுகள் சோடாக் காரம் தரப்பட்டது. அவர்களிடம் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்தது. ஆயினும் மற்றப் பகுதியினருக்கு ஒப்புநோக்க வெற்று மாத்திரை தரப்படவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கும் இது பொருந்தும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் அந்த எதிர்பார்ப்பைச் சோதிக்க முன்வந்தனர். சிறுநீரகம் பெற்று ஓராண்டுக்கு மேலானவர்களும், இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலோ அதற்குக் குறைவாகவோ உடையவர்களுமான சுமார் 240 பேர் பங்கு கொண்டனர். ஒரு சாராருக்கு உண்மை மாத்திரை; மறு சாராருக்கு வெற்று மாத்திரை. எவருக்கு எது என்பது மறைக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கடந்தன. 2023இல் முடிவு வெளியாயிற்று. காரம் உண்டோர் இரத்தத்தில் பைகார்பனேட் உயர்ந்தது. ஆனால் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைந்த வேகத்தில் இரு சாராரிடையே வேற்றுமை இல்லை.

எனவே காரம் வீண் என்று கூறுவது பொருந்தாது. அமிலத்தைத் தணிப்பது ஒன்று; உறுப்பின் ஆயுளை நீட்டுவது வேறொன்று. முன்னதைக் காரம் செய்கிறது. அமிலம் கடுமையாகும்போது மருத்துவர்கள் அதைத் தரவே செய்வர். பின்னதைச் செய்யும் என்பதற்கு அச்சோதனை சான்று தரவில்லை. சோடாக் காரத்தில் சோடியம் மிகுதி. நீர்க்கோவையும் இரத்த அழுத்தமும் உடையோருக்கு அது தீங்காகலாம். ஆகையால் சமையற்கட்டுச் சோடாவைத் தாமே அளந்து உண்பது தகாது.

லாட்டா கண்ட மூதாட்டியின் முகம் அரை மணியில் தெளிந்தது. அதைக் காணக் கண் போதும். சிறுநீரகம் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தளர்வதைக் கண் காணாது. அதற்கு வெற்று மாத்திரை உண்ண இசைந்த மனிதர்களும் பொறுமையும் வேண்டியிருந்தன. நாள்தோறும் பல மாத்திரைகளை விழுங்கும் நோயாளிக்கு, இன்னொன்று எதற்காக என்று உண்மை விடை கூறுவதும் வைத்தியமே ஆகும்.