அழைத்து வரப்பட்ட காகம்

போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு சின்னத் தகராறு. பாட்டி தினமும் உலை இறக்கியதும் முதல் பிடி சோற்றைப் பின்பக்கச் சுவரின் மேல் வைத்து "கா... கா..." என்று கூப்பிடுவார். பக்கத்து வீட்டு மக்சிக் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வேலி ஓரம் வந்து என்னிடம் சொல்லிவிட்டார். காயப்போட்ட துணியில் எச்சம், கிழித்துப்போட்ட குப்பைப் பை, விடிகாலையில் கூச்சல். நியாயமான புகார்தான்.

"பாட்டி, இனிமே காக்காய்க்கு வைக்காதீங்க" என்றேன்.

"அப்ப யாருக்குடா வைக்கிறது? உன் தாத்தா வேற எதுல வருவாரு?"

பதில் இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு. அதே வீட்டின் முன்பக்கம் நானும் பறவைகளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். செம்பருத்தி, இட்லிப்பூச் செடி, தொட்டியில் தண்ணீர், ஓரத்தில் ஒரு செரி மரம். செரி பழுத்ததும் முதுகில் செந்நிறக் கோடு இழுத்த விரலளவுக் குருவி வந்தது. செம்பருத்திக்கு மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு வந்தது. பூத்தொட்டிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியது. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் காகம் இல்லை. காகம் எனக்குப் பறவையாகவே தோன்றவில்லை.

இந்தக் கழுத்து சாம்பல் நிறக் காகம் எப்போது இங்கே வந்தது என்று தேடப்போனது அந்தத் தகராறுக்குப் பிறகுதான்.

மலாயாவில் முன்பிருந்தே இருந்தது உடல் முழுக்கக் கறுத்த அண்டங்காக்கை. நம் சுவரில் வந்து உட்காரும் ஊர்க்காகம் அது இல்லை. ஊர்க்காகத்தைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், இலங்கையிலிருந்து.

கதை காப்பியில் தொடங்குகிறது. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் பரவியது. சில பத்தாண்டுகளில் அந்தத் தொழிலே சரிந்தது. அங்கிருந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சிலர் தேயிலைக்கு மாறினார்கள். சிலர் சிலாங்கூருக்கு வந்து மறுபடி காப்பி போட்டார்கள். கேரித் தீவுக்குத் தன் பெயரைக் கொடுத்த கேரி அப்படி வந்தவர். இங்கே காப்பியைப் பிடித்தது வேறொரு தொல்லை. ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் இலையெல்லாம் தின்று செடியை மொட்டையடித்தன. இலங்கையில் காகம் புழு பொறுக்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. 1890-களில் இலங்கைக் காகங்கள் கிள்ளானில் கொண்டுவந்து விடப்பட்டன.

1903-இல் கொழும்பு அருங்காட்சியகம் 'ஸ்பொலியா ஸெய்லானிகா' என்ற ஆய்விதழைத் தொடங்கியது. இலங்கைக் காகங்களை மலாயாவில் குடியேற்றுவது பற்றிய ஒரு குறிப்பு அதன் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. அதை எழுதியவர்களில் கேரியும், மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமை ரெசிடெண்டாக இருந்த ட்ரெச்சரும் உண்டு. ஒரு தோட்ட முதலாளி, ஓர் அருங்காட்சியக இயக்குநர், ஆட்சியின் உச்சியில் இருந்த ஓர் அதிகாரி. இவர்கள் கூடிப் பேசிய விஷயம் காகம்!

காகத்துக்குக் காப்பியைக் காப்பாற்ற நேரம் கிடைக்கவில்லை. 1890-களின் பிற்பாதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டியது, விலை விழுந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. காகத்தை அழைத்த காரணம் சில வருடங்களிலேயே மறைந்தது. காகம் மட்டும் நின்றுவிட்டது. பல பத்தாண்டுகள் கிள்ளானையும் துறைமுகத்தையும் சுற்றியே இருந்து, பிறகு நகரமும் குப்பையும் பெருகப் பெருக மற்ற ஊர்களுக்கும் பரவியது. பின்னாளில் கிள்ளானில் நகராட்சியே துப்பாக்கிக்காரர்களை வைத்துக் காகங்களைச் சுட வேண்டிய நிலை வந்தது. அவர்கள் சுட்டது வழிதவறி வந்த பறவையை அல்ல, அரசாங்கமும் தோட்ட முதலாளியும் வரவேற்ற பறவையின் வாரிசுகளை.

இங்கே ஓர் ஒப்பீடு தானாகவே வந்து நிற்கிறது. அதே காலத்தில் கங்காணிகள் மூலம் நம் ஆட்களும் கப்பலேறி வந்தார்கள். 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. பலர் அந்த வழியாக இறங்கிக் கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனார்கள். வேலைக்கு அழைத்து வந்து, வேலை முடிந்ததும் "நீ ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய்?" என்று கேட்பது காகத்துக்கு மட்டும் நடந்ததில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டை நான் மேற்கொண்டு இழுக்க விரும்பவில்லை. பள்ளியில் கறுப்பாக இருந்த பையனுக்கெல்லாம் 'காக்கா' என்றுதான் பட்டப்பெயர். எனக்கும் இருந்தது. மனிதர்களைக் காகம் என்று அழைப்பதன் வலி தெரிந்தவன் அதையே உருவகமாக்கி ரசிக்க முடியாது. நான் கேட்க விரும்புவது வேறு: ஒரு பறவையை அழைப்பவர் யார், எதற்காக?

சிலாங்கூரில் அழைக்கப்பட்ட இன்னொரு பறவை கூகை. என் பாட்டி காலத்தில் ஆந்தை கத்தினால் லயத்தில் சாவு விழும் என்று நடுங்குவார்கள். கூகை அப்போது தீபகற்பத்தில் அரிது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு எலி பெருகியது. எலியோடு கூகையும் பெருகியது. 1960-களின் இறுதியில் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது கூடு கட்டியது பதிவானது. செம்பனையில் பொந்து இல்லை என்பதால் தோட்டங்கள் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்தன. ஒரு ஜோடியும் குஞ்சுகளும் சேர்ந்து வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களிலும் அந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். ஆனால் வீரியமான எலி மருந்து வந்தபோது, அந்த மருந்தைத் தின்ற எலியைத் தின்று கூகைகளும் செத்தன. வீடு கட்டிக் கொடுத்த கையே விஷமும் வைத்தது.

தோட்டத்தில் இப்படி எல்லா அழைப்பும் வேலைக்காகத்தான். அழகுக்காகப் பறவை பார்ப்பது பங்களா வாசலில் நடந்தது. மலாயாவின் பறவைகளைச் சாதாரண வாசகருக்கு அறிமுகப்படுத்திய பழைய நூல் ஜி. சி. மேடோக் எழுதியது. அவர் ஒரு போலீஸ் அதிகாரி. ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்தபோது அதை எழுதினார்; 1947-இல் மலாயன் இயற்கைச் சங்கம் வெளியிட்டது. சிறைக்குள் இருந்துகொண்டு தோட்டத்துப் பறவைகளை நினைவிலிருந்து எழுதிய மனிதரை மதிக்காமல் இருக்க முடியாது. 1940-இல் தொடங்கிய அந்தச் சங்கம்தான் பின்னர் மலேசிய இயற்கைச் சங்கமானது. மலாவத்திக் குன்றின் அடிவாரத்தில் 1987-இல் உருவான கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவும் அதன் முயற்சிதான். நான் முதன்முதலில் தொலைநோக்கி பிடித்தது அங்கேதான்.

ஆனால் லயத்துக் கொல்லையை எழுதியவர் யார்? ரப்பர் காட்டுக்குள் பறவைக்குத் தின்ன அதிகம் இருக்காது. முருங்கை, பப்பாளி, வாழை, மிளகாய், கோழிக்கூண்டு என்று இருந்த லயத்துக் கொல்லைதான் பறவைகள் கூடும் இடம். எங்கள் பாட்டிக்கு எந்தப் புத்தகமும் இல்லாமல் இருபது பறவை தெரியும். செண்பகம் எந்தப் புதரில் முட்டையிடும் என்று தெரியும். தட்டானும் வாலாட்டியும் வந்தால் எந்த மாதம் என்று தெரியும். அவரிடம் ஒருநாள் குயிலைப் பற்றிக் கேட்டேன்.

"சின்ன வயசுல இங்க குயில் கூவுனதா ஞாபகமே இல்லடா. பாட்டுலதான் கேப்போம். இது பின்னாடி வந்தது."

நான் நம்பவில்லை. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. குயில் ஒருகாலத்தில் இந்தப் பக்கம் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளி. வடக்கிலிருந்து வரும், திரும்பிப் போய்விடும். தனக்கென்று கூடு கட்டாத பறவை அது. முட்டையிட இன்னொருவர் கூடு வேண்டும். ஊர்க்காகம் பெருகிய பிறகு அந்தக் கூடு இங்கேயே கிடைத்தது. குயில் தங்கி இனம் பெருக்கத் தொடங்கியது. சிங்கப்பூரிலும் இதுவே நடந்தது. இன்று விடியற்காலையில் நம் தாமான்களில் கூவும் குயில், பெரும்பாலும் ஏதோ ஒரு காகம் ஊட்டி வளர்த்த பிள்ளை.

நான் இரசித்துப் பதிவு செய்த குரல், நான் பட்டியலில் சேர்க்காத பறவையின் கூட்டிலிருந்து வந்திருக்கிறது. பாட்டிக்கு அறிவியல் தெரியாது. வரிசை மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது: முதலில் காகம், அப்புறம் குயில்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதால் மக்சிக்கின் துணி சுத்தமாகிவிடாது. காகம் குஞ்சுகளைத் தூக்குவதும், மற்ற பறவைகளை விரட்டுவதும் உண்மை. எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சமாதானமாக ஒரு ஏற்பாடு செய்தோம். சோறு இப்போது மக்சிக் வீட்டுப் பக்கச் சுவரில் இல்லை. பின்சந்து ஓரம் இருக்கும் முருங்கையடியில், ஒரு வாழையிலைத் துண்டில். ஒரு பிடி மட்டும். கால் மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுவேன். குப்பைத் தொட்டிக்கு மூடி வாங்கினேன். காகத்தைப் பெருக்குவது பாட்டியின் ஒரு பிடிச் சோறு இல்லை, மூடாத குப்பைதான். மக்சிக்குக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை போனது. அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

முதலாளி புழுவுக்காகக் கூப்பிட்டார். தோட்ட நிர்வாகம் எலிக்காகக் கூப்பிட்டது. நான் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று கூப்பிட்டேன். பாட்டி செத்துப்போன தாத்தாவுக்குச் சோறு போடக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட பிறகு பட்டியலிலிருந்து காகத்தை அடிக்காதவர் எங்களில் அவர் ஒருவர்தான்.

கைத்தொலைபேசிப் பட்டியலில் காகத்தையும் சேர்த்துவிட்டேன். பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "முதல்ல எழுத வேண்டியத கடைசியில எழுதியிருக்க" என்றார்.