வெயிலும் வேணும், குளிரும் வேணும்... கரன்ட் விளையப்போகும் லடாக் பாலைவனம்!

சோலார் பேனலுக்கு வெயில் பிடிக்கும். ஆனா, சூடு பிடிக்காது. நம்ம காரைக்கால் மே மாத வெயிலில் வெச்ச போன் எப்படித் திணறுமோ, அதே கதைதான் பேனலுக்கும். அதன் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை குறையும். 60 டிகிரிக்குச் சுட்டால், பத்தில் ஒரு பங்குக்கும் மேல் காலி!

நல்ல வெயிலும் அடிக்கணும், குளிராவும் இருக்கணும். அப்படி ஓர் இடம் நம் நாட்டில் இருக்கா? இருக்கு... லடாக்!

ஏன் லடாக்?

இமயமலை மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், லடாக் ஒரு குளிர் பாலைவனம். லே நகரின் ஆண்டு மழையே சுமார் 100 மி.மீ.தான். நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும் அளவு! உயரத்தில் காற்றும் மெல்லிசு என்பதால், சூரிய ஒளி வழியில் அதிகம் சிதறாமல் பேனலுக்கு வந்து சேரும்.

என்ன திட்டம்?

லடாக்கில் 7.5 ஜிகாவாட் சோலார் பார்க் அமைக்கப்படும் என்று 2020 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி அறிவித்தார். கள ஆய்வுக்குப் பிறகு அது சூரிய சக்தி, காற்றாலை இரண்டும் சேர்ந்த 13 ஜிகாவாட் திட்டமாக வளர்ந்தது. இடம், லே - மணாலி சாலையில் 15,000 அடி உயரத்தில் இருக்கும் பாங். நம்ம திருமலைராயன்பட்டினம் எரிவாயு மின் நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட். அதைப்போல 400 மடங்கு!

கரன்ட் எப்படிக் கீழே வரும்?

சிக்கலே இங்கேதான். ஹரியானாவின் கைத்தல் வரை 713 கிலோமீட்டருக்கு மின்பாதை போடணும். இதற்காக 20,773.70 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2029-30 நிதியாண்டுக்குள் முடிப்பது இலக்கு. சூரியன் மறைந்த பிறகும் கரன்ட் தர, 12 ஜிகாவாட் மணி நேரம் சேமிக்கும் பேட்டரிகளும் திட்டத்தில் உண்டு.

அது வெறும் தரிசு நிலமா?

இல்லை. சாங்தாங் பீடபூமியில் சாங்பா நாடோடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்க்கிறார்கள். உலகமே விரும்பும் பஷ்மினா கம்பளி அந்த ஆடுகள் தருவதுதான். பேனலும் வேலியும் வந்தால் மேய்ச்சல் நிலம் என்னாகும் என்பது அவர்கள் கவலை. 2024 மார்ச்சில் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, இந்தக் கவலையும் பேசப்பட்டது. லடாக் நம்மைப் போலவே யூனியன் பிரதேசம். ஆனால், நமக்கு இருப்பதுபோல சட்டமன்றம் அங்கே இல்லை. நிலத்தைப் பற்றிய முடிவில் உள்ளூர்க் குரலுக்கு இடம் எங்கே என்பதுதான் அவர்களின் கேள்வி.

நமக்கு என்ன?

மொட்டை மாடி பேனலுக்கு யாருடைய மேய்ச்சல் நிலமும் தேவையில்லை. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. லடாக் குளிரை இங்கே கொண்டுவர முடியாதுதான். ஆனால், பேனலைத் தளத்தோடு ஒட்டாமல், அடியில் கடல் காற்று புகுந்து போகும்படி இடைவெளி விட்டு மாட்டச் சொல்லலாம். சூடு குறையும், யூனிட் கூடும்!